சதுர அடி இருபத்தெட்டு வெள்ளி

மின்தூக்கி இன்று எட்டாவது மாடியோடு சரி.
மீதி ஆறு மாடி
தோளில் வெல்டிங் பெட்டி,
பின்னால் மூச்சு வாங்கியபடி ரஃபீக்.
செந்தூலில் இந்த நான்கு புளோக்கிலும்
என் கைபடாத வாசல்களை
விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கம்பிக்கதவு என் பிழைப்பு.
சதுர அடி இருபத்தெட்டு வெள்ளி, பூட்டு தனி.
பயம் அவர்களுடையது.
நான் அளவு மட்டும் எடுக்கிறேன்.

ஒரு காலத்தில் பதினான்காம் மாடியில்
மூன்றே மூன்று கதவுக்குத்தான் கம்பி.
பிறகு கூட்டுச் சீட்டு நடத்திய திலகேஸ்வரி
இருபத்துநான்கு பேர் பணத்தோடு
ஒரு வெள்ளிக்கிழமை காணாமல் போனாள்.
அந்த மாதம் மட்டும் எனக்கு ஒன்பது ஆர்டர்.
அவள் கொண்டுபோனது
கம்பியால் காக்கிற பணமில்லையே என்று
நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.
மகளுக்கு அப்போது கல்லூரிக் கட்டணம்.

அடுத்தது ஆலோங்.
வட்டிக்கு வாங்கியவனைத் தேடி வந்த பையன்
ஏழை ஒன்று என்று படித்துவிட்டான்.
பதினான்கு-ஒன்றின் கதவில் சிவப்புச் சாயம்.
புவான் நொரிஸா மூன்று நாள் தேய்த்தார்.
ஏழாம் எண்காரர் எட்டிப் பார்க்கவில்லை,
பார்த்தால் கடன் தன்னுடையதாகிவிடும்.
இரண்டு வீடும் இன்றுவரை பேசுவதில்லை.
இரண்டுக்கும் நான்தான் கதவு போட்டேன்,
ஒரே வடிவம், தாமரை மொட்டு வைத்தது.

இன்று கூப்பிட்டது பொருத்த அல்ல, வெட்ட.
பதினான்கு-பதினொன்று. ஜீவரத்தினம்.
ஒன்பது நாளாய்க் கதவு திறக்கவில்லையாம்.
போன் செய்தது நிர்வாக அலுவலகம்,
மூன்று மாதப் பராமரிப்புக் காசு பாக்கி.

நடைவழியில் ஏழெட்டுப் பேர்.
ரஃபீக் கடந்துபோகையில்
கைப்பைகள் மறு தோளுக்கு மாறின.
என்ன வேலை செய்கிறார் என்று கேட்டேன்.
லாரி என்றார் ஒருவர்.
இல்லையில்லை, செக்யூரிட்டி.
மிஸ்டர் லோ தோளைக் குலுக்கினார்.
பத்து வருடம், ஒரே குப்பைத் தொட்டி.
நொரிஸா மட்டும், தயங்கித் தயங்கி,
"ராத்திரி ரெண்டு மணிக்கு இருமுவார்.
இப்போ நாலு நாளா இருமல் இல்லை."

பொறி பறந்தது.
தாமரை மொட்டு ஒவ்வொன்றாய்த் தரையில் விழுந்தது.

உள்ளே அவர் நாற்காலியில். உயிரோடு.
கழுத்தில் தொழிற்சாலை அடையாள அட்டை.
ஷா ஆலாமில் இருபத்தோரு வருடம்.
இயந்திரங்களைப் பெட்டி கட்டி
வியட்நாமுக்கு அனுப்பிவிட்டார்களாம்.
பெட்டி கட்டும் வேலையும் இவருக்குத்தான் கிடைத்திருக்கிறது,
இரண்டு வாரம், ஓவர்டைமோடு.

ரஃபீக் தன் தண்ணீர் போத்தலை நீட்டினான்.
வாங்கிக் குடித்தார். பாதி சட்டையில்.

தட்டினோமே, கேட்கலையா?

"கேட்டது.
யாரென்று எனக்கு எப்படித் தெரியும்?"

நொரிஸா ஏதோ எடுத்துவர உள்ளே ஓடினார்.
மற்றவர்கள் காலை மாற்றி மாற்றி நின்றார்கள்.
அந்த மௌனத்தில் ஒரு குரல்,
வெட்டிய கதவுக்குக் காசு யார் தருவது என்று.
குரல் என்னுடையதுதான்.

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"புதுசு வேண்டாம். காசில்லை."
ஆகவே அந்த வாசல் ஓட்டையாகவே இருக்கிறது.
கீழே இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன்:
போகிறவர்கள் எல்லாரும்
ஒரு நொடி நின்று உள்ளே பார்த்துவிட்டுப் போனார்கள்.
அக்கறையா, வேடிக்கையா,
அதை அளக்க என்னிடம் டேப் இல்லை.

என் வீட்டுக்கு மூன்று பூட்டு.
நான் படியேறும் நேரம்
பிலோமினா கையுறைத் தொழிற்சாலைக்கு இறங்குவாள்.
சாவிக்கொத்து கைமாறும் நேரம்தான்
எங்கள் குடும்பம்.

"இன்றைக்கு ஒரு கதவை வெட்டினேன்" என்றேன்.
"எத்தனை அடி?" என்றாள்.
அதற்குள் பஸ் ஹாரன் அடித்தது.